ஒரே கிராபிக்ஸ் கார்டு, இருபது பெட்டிகள்: எதை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையிலோ இணையத்திலோ "ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ" என்று கேட்டால் ஒரு கார்டு வராது, இருபது முப்பது பெட்டிகள் வரும். சிப் ஒன்றுதான். ஆனால் கம்பெனி வேறு, ஃபேன் எண்ணிக்கை வேறு, மெமரி வேறு, பெயருக்குப் பின்னால் ஓசி (சிப்பின் வேகத்தைக் கம்பெனியே கொஞ்சம் ஏற்றியது), பிளஸ், எலைட் என்று வால் வேறு. விலையும் அதற்கேற்ப ஏறி இறங்கும். 2025 ஏப்ரலில் வந்த அந்தக் கார்டைத்தான் இங்கே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதே ஆண்டு ஜூனில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் இடையிடையே வரும். வேறு கார்டு வாங்குகிறவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், பார்க்கும் முறை இதேதான்.

சிப் ஒன்று என்றால் ஏன் இத்தனை கம்பெனிகள் விற்கின்றன?

என்விடியாவும் ஏஎம்டியும் சிப்பை வடிவமைத்து, தைவானின் டிஎஸ்எம்சியில் தயாரித்து வாங்கி, கூட்டாளி கம்பெனிகளுக்குக் கொடுக்கின்றன. சர்க்யூட் போர்டு, மின்சாரப் பகுதி, ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகப் பகுதி), ஃபேன், பயாஸ் (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) எல்லாம் அந்தக் கம்பெனிகளின் வேலை. அசூஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் போன்றவை என்விடியா கார்டுகளைப் பல தரத்தில் செய்கின்றன. சோட்டாக், இன்னோ3டி, கேலக்ஸ், பாலிட், பிஎன்ஒய் ஆகியவையும் என்விடியா பக்கம். சஃபயர், பவர்கலர் இரண்டும் ஏஎம்டி கார்டுகளுக்குப் பெயர் போனவை. என்விடியா தன் பெயரிலேயே விற்கும் ஃபவுண்டர்ஸ் எடிஷன் 5060 டிஐக்குக் கிடையாது. எனவே "ஒரிஜினல் கம்பெனி கார்டு" என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஒரே பெயர் இருந்தால் ஒரே வேகம்தானே?

இல்லை. பணம் வீணாகும் இடமே இதுதான். ஃபேன், விளக்கு, கிளாக் (சிப் ஓடும் வேகம்) வித்தியாசத்தை அலசிக்கொண்டிருப்பவர்கள், பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறு கார்டாக இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பழைய கதையிலிருந்து தொடங்கலாம். 2016-இல் ஜிடிஎக்ஸ் 1060 இரண்டு வடிவில் வந்தது: 6 ஜிபி, 3 ஜிபி. மெமரி மட்டும்தான் பாதி என்று வாங்கியவர்கள் நினைத்தார்கள். 6 ஜிபியில் 1280 கோர் (சிப்புக்குள் கணக்கிடும் சிறு அலகுகள்), 3 ஜிபியில் 1152 கோர், அதாவது பத்தில் ஒரு பங்கு சிப்பும் குறைவு. அதைவிட மோசம் ஜிடி 1030. 2017-இல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரியுடன் நொடிக்கு 48 ஜிபி வேகம். அடுத்த ஆண்டு அதே பெயரில், அதே மாதிரிப் பெட்டியில், டிடிஆர்4 மெமரியுடன் 16.8 ஜிபி வேகத்தில் ஒன்று வந்தது. மெமரி வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. பெட்டியின் ஓரத்தில் இருக்கும் "டிடிஆர்4" என்ற சின்ன எழுத்தைத் தவிர பெரிய அடையாளம் எதுவும் இல்லை.

பிறகு வந்தவை:

ஆர்டிஎக்ஸ் 3060. 12 ஜிபி வடிவத்தில் மெமரி பாதை 192 பிட், நொடிக்கு 360 ஜிபி. பின்னால் வந்த 8 ஜிபியில் 128 பிட், 240 ஜிபி. கோர் எண்ணிக்கை இரண்டிலும் 3584 என்பதால் விவரப்பட்டியலின் முதல் வரியைப் பார்த்து ஏமாறுவது எளிது.

ஆர்டிஎக்ஸ் 3050. 8 ஜிபியில் 2560 கோர், 130 வாட். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபியில் 2304 கோர், மெமரி பாதை 96 பிட், 70 வாட். வேகம் கணிசமாகக் குறைவு. ஆனால் இதற்கு ஒரு நியாயம் உண்டு: பெரும்பாலான 6 ஜிபி கார்டுகளுக்குத் தனி மின் கேபிள் தேவையில்லை, மதர்போர்டில் கார்டு மாட்டும் ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடும். எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் தரும் பெட்டி) மாற்ற முடியாத பழைய அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அதுதான் சரியான கார்டு.

ஆர்டிஎக்ஸ் 4080. 2022-இல் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு அறிவித்தார்கள். முதலாவதில் 9728 கோர், இரண்டாவதில் 7680. எதிர்ப்பு கிளம்பியதும் 12 ஜிபியை விற்பனைக்கு முன்பே திரும்பப் பெற்று, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் விட்டார்கள். கத்திக் கேட்டதில் பெயர் மாறிய அரிதான சம்பவம்.

எல்லா வித்தியாசமும் பெரியதல்ல. 2024-இல் ஆர்டிஎக்ஸ் 4070-ஐ ஜிடிடிஆர்6எக்ஸுக்குப் பதில் ஜிடிடிஆர்6 மெமரியுடனும் விட்டார்கள். வேகம் 504-இலிருந்து 480 ஜிபி. விளையாடும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு. விலை குறைந்தால் தாராளமாக வாங்கலாம்.

ஆகவே பெட்டியைத் தொடும் முன் நான்கு எண்களைச் சரிபாருங்கள்: கோர் எண்ணிக்கை, மெமரி அளவு, மெமரி பாதையின் பிட், நொடிக்கு எத்தனை ஜிபி. விற்பனைத் தளத்தின் விளக்கத்தில் அல்ல, தயாரித்த கம்பெனியின் தளத்தில், அந்த மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். விற்பனைத் தளங்களில் 8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் ஒரே விளக்கத்தை ஒட்டிவைப்பது சாதாரணம்.

5060 டிஐயில் 8 ஜிபியா, 16 ஜிபியா?

இரண்டிலும் அதே சிப், அதே 4608 கோர், அதே 128 பிட், அதே 448 ஜிபி வேகம், அதே 180 வாட். வெளியீட்டு விலை 379 டாலர், 429 டாலர். மெமரி நிரம்பாதவரை இரண்டும் ஒரே மாதிரி ஓடும். நிரம்பிய பிறகுதான் சிக்கல்.

8 ஜிபி போதாமல் போனால் மிச்சத் தரவு கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போகும். தேவைப்படும்போது பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாகத் திரும்பி வர வேண்டும். அந்த வழி கார்டின் சொந்த மெமரியைவிட எத்தனையோ மடங்கு மெதுவானது. விளைவு மூன்று வகையில் தெரியும். சில கேம்களில் சராசரி ஃப்ரேம் (நொடிக்கு எத்தனை படம்) நன்றாகவே காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு வெட்டும். சில கேம்கள் சத்தமில்லாமல் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தைக் குறைத்துவிடும், பக்கத்தில் போனாலும் சுவர் மங்கலாகவே இருக்கும். சிலவற்றில் ஃப்ரேம் எண்ணிக்கையே சரிந்துவிடும். முதல் இரண்டும் சராசரி ஃப்ரேம் காட்டும் பட்டை வரைபடத்தில் தெரியாது. ஒப்பீடு பார்க்கும்போது "1 சதவீதக் குறைந்தபட்சம்" என்ற எண்ணை, அதாவது மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகத்தைத் தேடச் சொல்வது இதனால்தான்.

இந்தக் கார்டுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. ஸ்லாட் முழு நீளமாக இருந்தாலும் 5060 டிஐ அதிலுள்ள 16 தரவு வழிகளில் 8 வழிகளை மட்டுமே பயன்படுத்தும். பிசிஐ 5.0 அல்லது 4.0 மதர்போர்டில் அது பெரிய குறையில்லை. ஆனால் ஏஎம்டியின் பி450 போர்டு, இன்டெலின் 10-ஆம் தலைமுறை, அல்லது புதிய போர்டிலேயே ரைசன் 5 5500, 5600ஜி பிராசசர் வைத்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது பிசிஐ 3.0. ஏற்கெனவே குறுகிய வழி, அதில் மெமரி வேறு வழிகிறது. பழைய போர்டு வைத்திருப்பவர் காசு மிச்சம் பிடிக்க 8 ஜிபி வாங்குவார். அந்த 8 ஜிபி அதிகம் அடிபடுவதும் அவர் கம்ப்யூட்டரில்தான். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 வழிகளைப் பயன்படுத்துகிறது, எனவே அதன் 8 ஜிபி வடிவத்துக்கு இந்த அடி சற்றுக் குறைவு. அடியே இல்லை என்று அர்த்தமல்ல.

எங்கள் பரிந்துரை: வாலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றை மட்டும் 1080பி திரையில் ஆடுகிறவருக்கு 8 ஜிபி போதும். சொல்லப்போனால் அவருக்கு டிஐயே தேவையில்லை, சாதாரண 5060 போதும். புதிய பெரிய கேம்கள், 1440பி திரை, ரே டிரேசிங் (ஒளி நிழலை நிஜம்போலக் காட்டும் முறை), பிளெண்டர் என்ற 3டி மென்பொருள், கம்ப்யூட்டரிலேயே ஏஐ மாடல் ஓட்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 16 ஜிபி. ஃப்ரேம் ஜெனரேஷன் (இடையில் கூடுதல் ஃப்ரேம்களைக் கார்டே உருவாக்குவது) இருக்கிறதே, அது ஈடுகட்டிவிடாதா என்றால், அதுவே கொஞ்சம் மெமரியைத் தின்னும். மூன்று ஃபேன் வைத்த பளபளப்பான 8 ஜிபியும் இரண்டு ஃபேன் வைத்த சாதா 16 ஜிபியும் ஒரே விலையில் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதுதான்.

16 ஜிபி கார்டு அதிகம் சூடாகுமா?

சிப் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். மெமரி விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. 8 ஜிபி கார்டில் 2 ஜிபி அளவுள்ள நான்கு மெமரி சிப்கள் போர்டின் முன்பக்கம், ஹீட்சிங்கை ஒட்டி இருக்கும். 16 ஜிபி கார்டில் எட்டு. நான்கு முன்பக்கம், நான்கு அதே இடத்துக்கு நேர் பின்பக்கம். பின்பக்கத்தில் ஃபேனும் இல்லை, ஹீட்சிங்கும் இல்லை, பின்தகடு மட்டும்தான். அந்தத் தகடு உலோகமாக இருந்து, சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தை) வைத்திருந்தால் சூடு வெளியேறும். பிளாஸ்டிக் தகடு என்றால் அது அழகுக்கு மட்டும். கார்டைக் கழற்றிப் படம் போடும் விமர்சனங்களில் இந்த ஒரு விஷயத்தைத் தேடிப் பாருங்கள். 16 ஜிபி வடிவங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இது ஓசி எண்ணைவிட நல்ல காரணம்.

ஓசி என்று போட்டிருப்பதற்குக் கூடுதல் விலை தரலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5060 டிஐக்கு என்விடியா குறித்த பூஸ்ட் கிளாக் 2572 மெகாஹெர்ட்ஸ். ஓசி வடிவத்தில் 2632 என்று இருந்தால் கூடியது 60, அதாவது 2.3 சதவீதம். 60 ஃப்ரேம் வரும் இடத்தில் 61 வரும். அதுவும் முழுசாக வராது. ஏனென்றால் சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும்வரை எந்தக் கார்டும் பெட்டியில் போட்ட எண்ணைத் தாண்டித் தானாகவே ஓடும். இரண்டு கார்டும் ஒரே வாட் எல்லையில் முட்டி நிற்கும்போது அந்த 60 இன்னும் சுருங்கிவிடும்.

பல மாடல்களில் ஓசிக்கும் சாதாவுக்கும் ஹீட்சிங்க், போர்டு, ஃபேன் எல்லாம் ஒன்றே, பயாஸில் ஒரு எண் மட்டும் வேறு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் எந்தக் கம்பெனி கார்டிலும் வேலை செய்யும். அதில் கோர் கிளாக்கை 50 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினால் கம்பெனி செய்ததை நீங்களே செய்துவிட்டீர்கள். விலை ஒன்றாக இருந்தால் ஓசியை எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

இரண்டு ஃபேனா, மூன்று ஃபேனா?

வாட்டைப் பொறுத்தது. 180 வாட் கார்டுக்கு நல்ல ஹீட்சிங்கோடு இரண்டு ஃபேன் தாராளம். 220-இலிருந்து 250 வாட் வரை இரண்டு ஃபேன் ஓட்டும், ஆனால் சத்தம் கேட்கும். 300 வாட்டுக்கு மேல் மூன்று ஃபேன், தடிமனான ஹீட்சிங்க் என்று போவதுதான் சரி. ஃபேன் எண்ணிக்கை விளம்பரத்துக்கு, வேலை செய்வது அடியில் இருக்கும் அலுமினியமும் ஹீட்பைப் எனப்படும் செம்புக் குழாய்களும். ஒரே ஒரு ஹீட்பைப் வைத்த மூன்று ஃபேன் கார்டைவிட மூன்று ஹீட்பைப் வைத்த இரண்டு ஃபேன் கார்டு மேல். கார்டின் எடையும் ஒரு நல்ல குறிப்பு. ஒரே சிப், ஒரே ஃபேன் எண்ணிக்கை, ஆனால் ஒன்று 200 கிராம் கூடுதல் என்றால் அந்தக் கனம் பெரும்பாலும் ஹீட்சிங்கில்தான் இருக்கும்.

இங்கே நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். விமர்சனங்களில் போடும் வெப்பநிலை பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் அளந்தது. 22 டிகிரி அறையில் 66 டிகிரி காட்டிய கார்டு, அறையைவிட 44 டிகிரி அதிகம் சூடாகிறது. மே மாதம் ஏசி இல்லாத சென்னை அறையில் 36 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஃபேன் அதே வேகத்தில் சுற்றினால் கார்டு 80 டிகிரியில் நிற்கும். கேபினெட்டுக்குள் காற்றோட்டம் சுமார் என்றால் இன்னும் நாலைந்து டிகிரி. என்விடியா கார்டுகள் 80-ஐத் தாண்டியதும் கிளாக்கைக் குறைக்கத் தொடங்கும், அதற்கு முன்பே ஃபேன் இரையத் தொடங்கிவிடும். ஐரோப்பிய விமர்சகர் "அமைதியான கார்டு" என்று எழுதியது இங்கே அமைதியாக இருக்காது. எனவே ஏசி இல்லாத அறைக்கு வாங்குகிறவர் மட்டும் அடுத்த தர ஹீட்சிங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் முன்னால் கேபினெட்டின் முன்பக்கம் இரண்டு 120 மி.மீ. ஃபேன் மாட்டிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும், செலவும் குறைவு.

பவர் லிமிட், டூயல் பயாஸ் இதெல்லாம் பார்க்க வேண்டுமா?

பெரும்பாலோருக்கு வேண்டாம். குறைந்த விலை மாடல்களில் வாட் எல்லை 100 சதவீதத்திலேயே பூட்டியிருக்கும், விலை கூடியவற்றில் கொஞ்சம் ஏற்றலாம். 10 சதவீதம் மின்சாரம் ஏற்றினால் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று சதவீத வேகம், மிச்சமெல்லாம் சூடு. டூயல் பயாஸ் (இரண்டு பயாஸில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்) ஸ்விட்ச் இருந்தால் சைலன்ட் பக்கம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் ஸ்விட்சை மாற்ற வேண்டும்.

ஒரே கார்டில் சிலவற்றுக்கு 8 பின், சிலவற்றுக்கு 16 பின் மின் கனெக்டர். எது நல்லது?

180 வாட் கார்டுக்கு 8 பின் போதும். ஒரு 8 பின் கனெக்டர் 150 வாட், ஸ்லாட் 75 வாட், ஆக 225. பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலும் அந்தக் கேபிள் இருக்கும், அடாப்டர் தேவையில்லை. தேர்வு உங்கள் கையில் இருந்தால் 8 பின்னையே எடுங்கள்.

16 பின் கனெக்டர் உருகிய செய்திகள் 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுடன் தொடங்கின. அந்தக் கனெக்டரின் உச்சம் 600 வாட், 12 வோல்ட்டில் 50 ஆம்பியர். 5060 டிஐ முழு வேகத்தில் ஓடினாலும் 15 ஆம்பியர்தான். எனவே பயந்து ஓட வேண்டாம், ஆனால் ஒழுங்காக மாட்ட வேண்டும். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியாதவரை, பூட்டு நாக்கு விழும்வரை அழுத்துங்கள். பிளக்கிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை கேபிளை வளைக்காதீர்கள். பெட்டியில் வந்த அடாப்டரில் இரண்டு 8 பின் வாய் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள் கொடுங்கள், ஒரே கேபிளில் கிளைவிட்ட இரண்டு முனைகளை அல்ல.

ஹார்டு டிஸ்க்குக்கு வரும் பழைய நாலு பின் கேபிளை 8 பின்னாக மாற்றித் தரும் மலிவு அடாப்டரை எந்தக் கார்டுக்கும் போடாதீர்கள். அந்தக் கம்பி அவ்வளவு மின்சாரத்துக்காகச் செய்ததல்ல. 8 பின் கேபிளே இல்லாத எஸ்எம்பிஎஸ் என்றால் மாற்ற வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸைத்தான். என்விடியா 5060 டிஐக்கு 600 வாட் என்கிறது. அதில் நிறையப் பாதுகாப்பு இடைவெளி இருக்கிறது. நல்ல கம்பெனியின் 550 வாட், பெயர் தெரியாத 750 வாட்டைவிட நம்பகமானது.

என் கேபினெட்டில் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது?

நீளம், தடிமன், அகலம் மூன்றும் மி.மீ. கணக்கில் வேண்டும். நீளத்தில் பலர் கோட்டைவிடுவது ஒரே இடம். கேபினெட் விவரத்தில் 330 மி.மீ. என்று இருக்கும். ஆனால் முன்பக்கம் லிக்விட் கூலர் மாட்டியிருந்தால் ரேடியேட்டர் 27, ஃபேன் 25 என்று 52 போய், மிச்சம் 278. அதில் 300 மி.மீ. மூன்று ஃபேன் கார்டு நுழையாது.

தடிமனை "2.5 ஸ்லாட்" என்று எழுதுவார்கள். ஒரு ஸ்லாட் சுமார் 20 மி.மீ., எனவே 2.5 என்பது மூன்று ஸ்லாட்டை அடைத்துக்கொள்ளும். சின்ன மதர்போர்டில் அடியில் இருக்கும் சவுண்டு அல்லது வைஃபை கார்டு ஸ்லாட், முன்பக்க யுஎஸ்பி பின்கள் மறையும். சில போர்டில் பக்கவாட்டு சாட்டா போர்ட்டும் மறையும்.

அகலம்தான் யாரும் அளக்காதது. கார்டு ஸ்லாட்டிலிருந்து பக்கக் கண்ணாடியை நோக்கி எவ்வளவு நீண்டிருக்கிறது, அதன்மேல் மின் கேபிள் வளைய இடம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கண்ணாடி மூடி கேபிளை அழுத்தும்படி விடக் கூடாது.

ஒரு கிலோவைத் தாண்டும் கார்டு காலப்போக்கில் முனை தொங்கும். பெட்டியில் தாங்கி வராவிட்டால் தனியாக வாங்கி வைக்கலாம், விலை சொற்பம்.

டஃப், வென்டஸ், ஈகிள், பல்ஸ் என்ற பெயர்களில் எது எந்தத் தரம்?

தோராயமாக, கீழிருந்து மேலாக: அசூஸில் டூயல், பிரைம், டஃப், ராக். எம்எஸ்ஐயில் ஷேடோ, வென்டஸ், கேமிங், சுப்ரீம். ஜிகாபைட்டில் வின்ட்ஃபோர்ஸ், ஈகிள், கேமிங், ஆரஸ். சஃபயரில் பல்ஸ், ப்யூர், நைட்ரோ பிளஸ். பவர்கலரில் ரீப்பர், ஹெல்ஹவுண்ட், ரெட் டெவில். வெள்ளை நிற வடிவம் என்றால் பெரும்பாலும் நிறம் மட்டும்தான் வேறு.

இந்த வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒரு தலைமுறையில் நன்றாக இருந்த பெயர் அடுத்ததில் சிக்கனமாகச் செய்யப்பட்டிருக்கலாம். ஒரே தலைமுறையில்கூட 5080-க்கு வந்த டஃபும் 5060 டிஐக்கு வந்த டஃபும் வெவ்வேறு ஹீட்சிங்க். விமர்சனம் படித்தால் அதே சிப், அதே மாடலின் விமர்சனமாக இருக்க வேண்டும்.

நல்ல வடிவத்துக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்?

கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த, தெரிந்த கம்பெனியின் கார்டை அடிப்படையாக வையுங்கள். அதைவிட 5 சதவீதம் வரை கூடுதல், சத்தம் குறைவுக்காகவோ நீண்ட வாரன்டிக்காகவோ, சரி. 10 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த சிப்பின் விலையைப் பாருங்கள். ஹீட்சிங்க் எவ்வளவு பெரிதானாலும் 4608 கோர் 4609 ஆகாது. 5070-இல் 6144 கோர், நொடிக்கு 672 ஜிபி மெமரி வேகம். மேல்தர 5060 டிஐ 16 ஜிபியின் விலை 5070-இன் கீழ்தர மாடலை நெருங்கினால் கேம் ஆடுபவருக்கு 5070 மேல். மெமரி 12 ஜிபிதான் என்பதால் ஏஐ வேலைக்காக வாங்குகிறவர் மட்டும் 16 ஜிபியிலேயே நிற்பது நல்லது.

கார்டிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வருமாமே, எந்தக் கம்பெனியில் வராது?

காயில் வைன். மின்சாரப் பகுதியில் இருக்கும் சுருள்கள் அதிர்வதால் வருவது. ஒரே மாடலில் ஒரு கார்டில் வரும், பக்கத்துக் கார்டில் வராது, எனவே கம்பெனி பார்த்துத் தப்பிக்க வழியில்லை. கேம் மெனுவில் ஃப்ரேம் முந்நூறு நானூறு என்று ஓடும்போது அதிகம் கேட்கும். ஃப்ரேம் எல்லையைத் திரையின் ஹெர்ட்ஸ் அளவுக்கு வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

லேப்டாப்பிலும் அதே பெயர்தானே இருக்கிறது?

பெயர் மட்டும். டெஸ்க்டாப் 5070-இல் 6144 கோர், 12 ஜிபி, 250 வாட். லேப்டாப் 5070-இல் 4608 கோர், 8 ஜிபி, உச்சம் 100 வாட் வாக்கில். அது டெஸ்க்டாப் 5060 டிஐயின் சிப், அதைவிடக் குறைந்த மின்சாரத்தில். லேப்டாப் வாங்கும்போது கார்டின் பெயரோடு அந்த மாடலில் எத்தனை வாட் விட்டிருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஒரே பெயர் உள்ள இரண்டு லேப்டாப்புக்கு நடுவே அந்த ஒரு எண்ணால் பெரிய வித்தியாசம் வரும்.

கார்டு கைக்கு வந்துவிட்டது. சரியானதுதானா என்று எப்படி உறுதிசெய்வது?

பெட்டியைப் பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். பெட்டியிலும் கார்டிலும் இருக்கும் சீரியல் எண் இரண்டும் வீடியோவில் தெரிய வேண்டும், ஒன்றாகவும் இருக்க வேண்டும்.

மாட்டி, டிரைவர் போட்டதும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். 5060 டிஐ என்றால் ஷேடர் (நாம் கோர் என்று சொன்னதுதான்) 4608, ஆர்ஓபி (படத்தைக் கடைசியாக எழுதி முடிக்கும் அலகு) 48, மெமரி பாதை 128 பிட், ஜிடிடிஆர்7, மெமரி அளவு 8192 அல்லது 16384 எம்பி என்று காட்ட வேண்டும். 9060 எக்ஸ்டி என்றால் ஷேடர் 2048, ஆர்ஓபி 64, ஜிடிடிஆர்6. ஆர்ஓபியையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 பிப்ரவரியில் சில 5090, 5080, 5070 டிஐ கார்டுகள் எட்டு ஆர்ஓபி குறைவாக வந்தன. 5090-இல் 176-க்குப் பதில் 168. தயாரிப்புக் குறை என்று என்விடியா ஒப்புக்கொண்டு, மாற்றித் தரச் சொன்னது. கார்டு ஓடும், படம் வரும், சில சதவீத வேகம் மட்டும் காணாமல் போயிருக்கும். எண்ணிப் பார்க்காதவருக்குத் தெரியவே தெரியாது.

பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் 1.1 என்று காட்டினால் பதற வேண்டாம், சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகம் இறங்கியிருக்கும். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்டால் உண்மை எண் வரும். அப்போதும் 8 வழிக்குப் பதில் 4 அல்லது 1 காட்டினால் கார்டு சரியாக அமரவில்லை, அல்லது கீழ் ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறீர்கள். பிராசசருக்கு அருகில் இருக்கும் மேல் ஸ்லாட்டில் கிளிப் விழும்வரை அழுத்தி மாட்டிப் பாருங்கள்.

பிறகு ஒரு கனமான கேமை அரைமணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலை, ஃபேன் சத்தம், திரையில் புள்ளி கோடு ஏதும் வருகிறதா என்று பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் இதையெல்லாம் முடித்துவிட வேண்டும்.

பழைய கார்டு வாங்கும்போது?

மேலே சொன்ன ஜிபியு-இசட் சோதனையை விற்பவர் கண் முன்னாலேயே செய்யுங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற போலிகள் ஏராளம். 2018-இலிருந்து ஜிபியு-இசட் இத்தகையவற்றைப் பெயருக்கு முன்னால் "ஃபேக்" (போலி) என்று குறித்தே காட்டும். ஆர்எக்ஸ் 580 என்று வந்தால் ஷேடர் 2304 இருக்க வேண்டும். 2048 என்றால் அது சீனச் சந்தைக்காக வந்த வடிவம், ஏறக்குறைய 570. ஓடும், ஆனால் 580 விலை கொடுக்காதீர்கள்.

வாரன்டியில் வித்தியாசம் உண்டா?

உண்டு, ஒரே சிப்பின் இரண்டு வடிவங்களுக்கு நடுவே தடுமாறினால் இதை வைத்தே முடிவெடுக்கலாம். மூன்று ஆண்டு பொதுவானது. சில கம்பெனிகள் வாங்கிய சில வாரங்களுக்குள் தளத்தில் பதிவு செய்தால் கூடுதல் ஆண்டுகள் தருகின்றன. அந்தக் கெடு தாண்டினால் கிடைக்காது. வாரன்டி பில் தேதியிலிருந்தா, கார்டு தயாரித்த தேதியிலிருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் ஆறு மாதம் கிடந்த கார்டுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் வரும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தையில் வாங்கினால் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். பில் வேண்டாம் என்றால் விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள். கார்டு பழுதானால் அந்தத் தள்ளுபடியைப் போல் பல மடங்கு கையைக் கடிக்கும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர் மூலம் வரவழைப்பதாக இருந்தால், அந்தக் கம்பெனியின் இந்திய சர்வீஸ் அதை ஏற்குமா என்று சீரியல் எண் இல்லாவிட்டாலும் மாடல் பெயரைச் சொல்லி முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹீட்சிங்க் திருகின்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதைக் கிழித்தால் தகராறு வரலாம், எனவே வாரன்டி இருக்கும்வரை சிப்பின்மேல் இருக்கும் தெர்மல் பேஸ்ட் மாற்றும் வேலையில் இறங்க வேண்டாம். தூசியை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காற்று ஊதிச் சுத்தம் செய்வதாக இருந்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் கெடும்.